சேந்தமங்கலத்துப் பள்ளி

ஆதிச்சநல்லூரிலிருந்து கிழக்கே ஆழ்வார்திருநகரிப் பக்கம் போனால் திருக்கோளூர் வரும். அங்கே வைத்தமாநிதிப் பெருமாள் மரக்காலைத் தலைக்கு வைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். இன்னும் கடலோரம் போய்க் காயல்பட்டினத்தில் பெரிய பள்ளி எங்கே, சிறிய பள்ளி எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளே கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். இரண்டும் பள்ளிவாசல்கள். வடக்கே கழுகுமலைப் பாறையில் சமணப் பள்ளி. இவற்றுக்கு நடுவே, காலை மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுகிற அரசுப் பள்ளி ஊருக்கு ஊர் உண்டு.

படுக்கை, தொழுமிடம், துறவியர் இருப்பிடம், கல்விச்சாலை என்று நான்கு பொருளும் ஒரே மாவட்டத்துக்குள் கிடைத்துவிடுகின்றன. ஐந்தாவது பொருளுக்கு மலையைத் தாண்ட வேண்டும். கேரளத்தில் யூதர்கள் கூடித் தொழுத இடத்துக்கும் பள்ளி என்றே பெயர்.

எப்படி வந்தது இது? மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக் குகையில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கிறித்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன் வெட்டியவை என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். ஒரு சமணத் துறவிக்காக, நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி அமைத்துக் கொடுத்த இடத்தை அவற்றுள் ஒரு கல்வெட்டு ‘பளி’ என்கிறது. அந்தப் பளியில் இருப்பவை செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள். ஊர் ஊராய் நடக்கிற துறவி மழைக்காலத்தில் முதுகு சாய்க்க ஒரு கல். இந்தச் சொல்லின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

படுத்தவர் ஓய்வு நேரத்தில் பாடம் சொன்னார். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டையொட்டிய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஆசிரியர், மாணாக்கர் பெயர்களைச் சிற்பங்களுக்குக் கீழே வரிசையாகச் சொல்கின்றன. குரத்தியார் எனப்படும் பெண் ஆசிரியர்களும் அவர்களில் உண்டு. தங்குமிடம் கற்குமிடமானது இப்படித்தான். பௌத்தருக்கும் இதே சொல் போதுமானதாக இருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அதைக் கூறும் செப்பேடு விகாரத்தையும் பள்ளி என்றே குறிக்கிறது. அப்படிக் கொடுக்கப்பட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர்.

பிறகு கப்பலில் வந்தவர்களின் முறை. கி.பி. 849-இல் கொல்லத்துச் செப்பேடு ஒரு கிறித்தவக் கோயிலைத் தரிசாப்பள்ளி என்கிறது. தரிசா என்பது கிறித்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘தர்சா’வின் திரிபு. ஆள் பெயர் பாரசீகம், வீட்டின் பெயர் நம்முடையது. அந்தச் செப்பேட்டுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வணிகர்கள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் தங்கள் பெயரை இட்டிருக்கிறார்கள்.

கி.பி. 1000-ஐ ஒட்டி, முயிரிக்கோட்டில் இருந்த சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, நடக்கத் துணி விரிக்கும் பாவாடை எல்லாம் அதில் அடக்கம். எழுத்து, கழுகுமலையில் கண்ட அதே வட்டெழுத்து. பிடித்துப் படித்தால் பாதிக்கு மேல் தமிழருக்குப் புரியும். அதைக் கொச்சி மட்டாஞ்சேரி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள்.

மட்டாஞ்சேரியின் பரதேசிப் பள்ளியைப் பார்க்க உலகமே வருகிறது. சொல்லின் கதைக்கு அதைவிட நெருக்கமானது பறவூருக்குப் பக்கத்தில், பெரியாற்றங்கரையில் இருக்கிற சேந்தமங்கலம். கைத்தறி நெசவுக்குப் பேர்போன சிற்றூர். நடந்தே சுற்றிவிடும் தொலைவுக்குள் ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு கிறித்தவ ஆலயம், ஒரு யூதத் தொழுமிடம் நான்கும் உள்ளன. மலையாளி வாயில் இவற்றுள் மூன்றின் பெயர் பள்ளி.

1614-இல் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த யூதப் பள்ளி தூரத்திலிருந்து பார்த்தால் வசதியான ஒரு நாட்டு வீடு மாதிரிதான் தெரியும். செம்பாறாங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, மழைக்குச் சரிந்த ஓட்டுக்கூரை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். அக்கம்பக்கத்துக் கோயில் வழக்கம் அப்படியே இங்கும். முன்னறையைத் தாண்டியதும் பெருங்கூடம். நடுவே பித்தளைக் கம்பி அழியிட்ட மேடை, அதன் பெயர் தேபா. அதில் நின்றுதான் தோரா என்னும் யூத மறைச் சுருளை வாசித்தார்கள். மேற்குச் சுவரில் சுருள்களை வைக்கும் ஹேகால் என்னும் மரப்பேழை, பூவும் கொடியுமாய்ச் செதுக்கிப் பொன்வண்ணம் தீட்டியது. எருசலேம் மேற்கே இருப்பதால் பேழையும் மேற்கே. காயல்பட்டினத்துப் பள்ளிகளில் தொழுபவர்களும் மேற்கு நோக்கியே நிற்கிறார்கள். தலைக்கு மேல் கட்டம் கட்டமாகப் பிரித்து வண்ணம் தீட்டிய மரக்கூரை. கோயிலுக்கும் அரண்மனைக்கும் உளி பிடித்த நாட்டின் மரவேலை மரபு அந்தக் கூரையில் தெரிகிறது.

கேரளத்துக்கே உரிய ஒன்று மாடியில் இருக்கிறது. உலகின் பிற யூதத் தொழுமிடங்களில் வாசிப்பு மேடை ஒன்று. இங்கே மேல்தளத்தின் விளிம்பிலும் இன்னொரு தேபா உண்டு. ஓய்வுநாளிலும் திருநாளிலும் சுருளை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசித்தார்கள். அதற்கு நேர் பின்னால், மர அழித் தடுப்புக்கு அப்பால், பெண்கள் இருக்கும் இடம். வாசிக்கும் குரல் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் கேட்டது. கேரள யூதப் பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளை ஏட்டில் எழுதித் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். பள்ளிகள் கட்டப்பட்ட கதைகளும் அப்பாட்டுகளில் வருகின்றன.

தமிழ்நாட்டில் யூதத் தொழுமிடத்தைப் பள்ளி என்று அழைக்கும் பழக்கம் இல்லாததால் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் புதுச்சொல் தேட வேண்டியதாயிற்று. பழைய மொழிபெயர்ப்பில் ‘ஜெப ஆலயம்’, பிற்காலத்துத் திருவிவிலியத்தில் ‘தொழுகைக்கூடம்’. முதலாவது கொஞ்சம் குழப்புகிறது. பலிபீடத்தோடு எருசலேமில் இருந்தது ஒன்றே தேவாலயம். ஊர்தோறும் இருந்தவை கூடிப் படிக்கிற இடங்கள். கூடம் என்ற சொல் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் மூலக் கிரேக்கச் சொல்லின் பொருளும் கூடுதல்தான். ஆனால் மலையாள விவிலியத்தைத் திறந்தால் நாசரேத்தில் இயேசு ஓய்வுநாளில் நுழைவது பள்ளிக்குள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கல்விச்சாலைக்கும் யூதத் தொழுமிடத்துக்கும் ஒரே சொல் இருப்பதைத் தற்செயலான பொருத்தம் என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழியில் தொழுமிடத்தை ‘ஷூல்’ என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சொல் அது. வெனிஸ் நகரத்தின் பழைய யூதத் தொழுமிடங்களுக்கும் ‘ஸ்கோலா’ என்றே பெயர். சுருளைப் பிரித்துப் படிப்பதே வழிபாட்டின் நடுநாயகமாக இருக்கும்போது, ரைன் நதிக்கரையிலும் பெரியாற்றங்கரையிலும் மக்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தமிழிலும் ‘யூதப் பள்ளி’ என்று தயங்காமல் எழுதலாம்.

1948-இல் இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களின் நடுவில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபோனார்கள். சேந்தமங்கலத்துக் குடும்பங்களும் போயின. பூட்டிக் கிடந்த பள்ளியை அரசு பழுதுபார்த்து, 2006 முதல் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்திருக்கிறது. வாசலுக்கு முன்னால் எபிரேய எழுத்து வெட்டிய ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. இஸ்ரயேலின் மகள் சாரா என்ற பெண்ணுக்கு எடுத்தது, ஆண்டு 1269. அந்தப் பள்ளிக் கட்டடத்தைவிட மூன்றரை நூற்றாண்டு மூத்தது.