திரைப்படப் பின்னணியிசை நினைவில் நிற்பது எவ்வாறு?

திரைப்படத்தில் வரும் இசை இருவகைப்படும். கதைமாந்தர் பாடுவதாக அமைவது ஒன்று. கதைமாந்தர் செவிக்கு எட்டாது காண்போர் செவிக்கு மட்டும் எட்டுவது மற்றொன்று. முன்னதைப் பாட்டு என்றும் பின்னதைப் பின்னணியிசை என்றும் வழங்குகிறோம். தமிழ்த் திரைப்பாடல்களைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. பாடலாசிரியர்களைப் பற்றிய ஆய்வேடுகளும் நம் பல்கலைக்கழகங்களில் உள்ளன. பின்னணியிசையோ ஆய்வாளர் கண்ணில் அத்துணை படவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவி ஒருவர் இப்பொருளை முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொள்ள விழைந்தார். சொல் இல்லாத இசை தமிழ்த்துறைக்கு உரியதன்று என்னும் ஒரே தொடரால் அவர்தம் முன்மொழிவு மறுக்கப்பட்டது. அம்மறுப்புக்கு அன்று யாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரை காலம் தாழ்ந்த விடை எனக் கொள்ளலாம்.

பின்னணியிசை தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது என்று நிறுவ முற்படுவாரும் உளர். கருப்பொருள்களுள் பறையும் யாழும் எண்ணப்பட்டிருத்தலையும், சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழல், யாழ், தண்ணுமை, முழவு ஆகியவை ஒன்றையொன்று பின்பற்றி இசைத்த முறை கூறப்பட்டிருத்தலையும் அவர்கள் சான்று காட்டுவர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. மாதவி ஆடுகின்றாள், கருவியாளர் அவளுக்காகவே வாசிக்கின்றனர், அவ்விசையை அவளும் கேட்கிறாள். திரைப்படப் பின்னணியிசையைக் கதைமாந்தர் கேளார். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் தொல்காப்பியத்திலிருந்து நாம் கொள்ளத்தக்க ஒப்புமை ஒன்று உண்டு. அஃது இறைச்சி. கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு, கூறப்பட்ட பொருளுக்குப் புறத்தே குறிப்பாகத் தோன்றுவது அது. சொல்லியதை மீண்டும் சொல்லுதல் அதன் தொழிலன்று. பின்னணியிசையுள் நினைவில் நிற்பதையும் நில்லாததையும் பிரித்தறிய இவ்வளவுகோல் பயன்படும் என்பது எம் கருத்து.

பேசாப் படக் காலத்திலும் இசை இருந்தது. கொட்டகையில் திரையருகே அமர்ந்து கருவியாளர் வாசித்தனர். பிரெஞ்சு நாட்டில் 1908-ஆம் ஆண்டிலேயே சேன்-சான் என்னும் பெரும்புலவர் ஒரு படத்திற்கெனத் தனியே இசை இயற்றினார். படம் பேசத் தொடங்கியபோது இசைக்கு இடர்ப்பாடு நேர்ந்தது. பேச்சையும் இசையையும் வெவ்வேறாகப் பதிந்து பின்னர் ஒன்றாக இணைக்கும் கலை அக்காலத்தில் முதிரவில்லை. இசை வேண்டுமாயின் படப்பிடிப்பு நிகழும் இடத்திலேயே வாசித்தாக வேண்டும். அன்றியும், கண்ணுக்குத் தெரியாத இசை எங்கிருந்து வருகிறது எனக் காண்போர் ஐயுறுவர் என்று அமெரிக்கப் படமுதலாளிகள் அஞ்சினர். 1933-இல் வெளிவந்த 'கிங் காங்' படத்திற்கு மாக்ஸ் ஸ்டெய்னர் அமைத்த விரிவான இசை அவ்வச்சத்தைப் பெரிதும் போக்கிற்று. மனிதக் குரங்கின் பேருருவைப் பொம்மை என எண்ணாது மக்கள் அஞ்சியதற்கு இசையும் ஒரு காரணம் எனலாம்.

தமிழில் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. அக்காலத் தமிழ்ப் படங்கள் நாடக மேடையின் வழிவந்தவை. அவற்றில் பாட்டே முதன்மை பெற்றது. நடிகரே பாடினர், கருவியாளர் ஒளிப்படக் கருவியின் பார்வைக்கு அகப்படாமல் அருகில் மறைந்திருந்து வாசித்தனர். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்னும் முறை தமிழில் தொடங்கியது. குரலும் உருவமும் இவ்வாறு பிரிந்தமை பின்னணியிசைக்கும் வழிதிறந்தது என்பதை வரலாறு எழுதுவோர் குறிப்பதில்லை. பாட்டு பிரிந்த கதையாகவே அதனைக் கூறிச் செல்கின்றனர்.

இனி, எம் ஆய்வுக்கு நடுவாக அமையும் படத்துக்கு வருவோம். வங்கத்தில் சத்யஜித் ராய் எடுத்த 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. இசை இரவிசங்கருடையது. அவர்தம் கச்சேரிப் பயணங்களுக்கிடையே காலம் கிட்டாமையால், படத்தின் ஏறத்தாழப் பாதியை மட்டுமே முதல்நிலைத் தொகுப்பாகப் பார்த்துவிட்டு, ஓரிரவில் ஏறத்தாழப் பதினொரு மணிநேரத்தில் இசை முழுவதையும் பதிந்து முடித்தார். எஞ்சிய சிறு தேவைக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சித்தார் வாசித்தார். இனிப்பு விற்பவன் காவடி போன்ற சுமையோடு முன்னே நடக்க, குழந்தைகளும் நாயும் பின்தொடரும் காட்சியில் ஒலிப்பது அவர் வாசிப்பு. இத்துணை விரைவில் உருவான இசை எழுபது ஆண்டுகளாக நிலைத்திருத்தல் வியப்பே. காலம் மிகுதியாகக் கிடைத்திருப்பின் கருவிகள் மிகுந்திருக்கும். இசை சிறந்திருக்குமா என்பது ஐயம்.

அப்படத்தில் துர்க்கை என்னும் சிறுமி மழைக்காலக் காய்ச்சலில் இறந்துபடுகிறாள். பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற தந்தை ஒன்றும் அறியாதவராய்த் திரும்பி வருகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கென வாங்கிய சேலையை அவர் நீட்டும்போது, அதுவரை வாய் திறவாதிருந்த தாய் அச்சேலையைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். அவ்விடத்தில் ராய் தாயின் குரலை நீக்கிவிட்டார். குரலுக்கு ஈடாகத் தார் செனாய் என்னும் கருவி உச்ச நிலையில் ஒலிக்கிறது. வில்லால் இசைக்கப்படும் நரம்புக்கருவி அது. ஒலியைப் பெருக்க உலோகக் கூம்பு பொருத்தப்பட்டிருக்கும். நரம்புக்கும் மிடற்றுக்கும் இடைப்பட்டதோர் ஓசை உடையது. வாசித்தவர் தட்சிணாமோகன் தாகூர். பண், பட்தீப்; நம் கௌரிமனோகரியோடு சுர அமைப்பில் ஒப்பிடத்தக்கது.

இக்காட்சியைப் பற்றி எம் பட்டறிவு ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். மாணவராய் இருந்த காலத்தில் இப்படத்தைக் கண்ட யாம், அத்தாயின் அழுகுரலைக் கேட்டதாகவே பல்லாண்டுகள் நம்பியிருந்தோம். வகுப்பிலும் அவ்வாறே கூறியுள்ளோம். பின்னர் இக்கட்டுரைக்கென மீண்டும் பார்த்தபோதுதான் குரல் அங்கே இல்லை என்பது தெளிவாயிற்று. எம் செவி கருவியைக் கேட்டது; எம் நினைவு குரலைச் சேமித்தது. நினைவில் நிற்கும் இசை, தன்னையே நினைவில் நிறுத்த வேண்டும் என்னும் நியதி இல்லை என்பதும், பிறிதொன்றாய் உருமாறியும் நிற்கும் என்பதும் இதனால் பெறப்படும். குரலைச் சொன்னபடி ஒலித்திருந்தால் அது துயரச் செய்தியாய் முடிந்திருக்கும். பொருளுக்குப் புறத்தே நின்று உணர்த்துதல் என்று யாம் மேலே கூறியது இதனையே.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒன்று 1960-இல் வந்த 'சைக்கோ'. ஹிட்ச்காக் இயக்கிய அப்படத்திற்குப் பெர்னார்டு ஹெர்மன் நரம்புக்கருவிகளை மட்டும் கொண்டு இசையமைத்தார். குழல்களும் இல்லை, பறைகளும் இல்லை. குளியலறைக் கொலைக்காட்சியில் இசையே வேண்டாம் என்பது இயக்குநரின் முதல் எண்ணம். ஹெர்மன் அதற்கும் இசை எழுதி வைத்திருந்தார். கேட்டபின் இயக்குநர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அங்கே நரம்புகள் அலறுகின்றன. இசையமைப்பாளர் கருவிகளைக் குறைத்துக்கொண்டதே அவ்வலறலுக்கு ஆற்றலைத் தந்தது. வங்கப் படமும் இதுவும் ஒன்றுபடும் இடம் அது. அதே இயக்குநர் 1963-இல் எடுத்த 'தி பேர்ட்ஸ்' படத்தில் வழக்கமான பின்னணியிசையே இல்லை. மின்கருவியால் உண்டாக்கிய பறவை ஒலிகளே அவ்விடத்தை நிரப்பின. ஹெர்மன் அதில் ஒலி அறிவுரையாளராக இருந்தார் என்பது கருதத்தக்கது.

தமிழில் பாட்டே இல்லாத படம் 1954-இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்'. அதனை இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். இசையில் பெரும்புலமை உடைய ஒருவரே பாட்டைத் துறந்தார் என்பது தற்செயலன்று. சப்பானியர் குண்டு வீசிய 1943-ஆம் ஆண்டுச் சென்னையில், வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். கொலையாளி யார் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொருவாறு கூறுகின்றனர். பாட்டு இடையே வந்து கதையை நிறுத்தாமையால், பேச்சும் ஓசையும் அமைதியும் முழுப்பொறுப்பையும் ஏற்கின்றன. பாட்டுக்குப் பழகிய காலத்தில் அப்படம் பெருவெற்றி பெறாமற் போயிற்று. பின்னாளில் பெற்ற பெருமை வேறு.

இதுகாறும் கூறியவற்றால், காட்சிக்கெனவே பிறந்த இசைதான் நினைவில் நிற்கும் என்று முடிவு செய்ய எவரும் விழையலாம். யாமும் அவ்வாறே விழைந்தோம். அம்முடிவுக்குத் தடையாய் நிற்பது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாடல்கள் இல்லாத அப்படத்திற்கென இளையராசா புதிதாக இசை இயற்றவில்லை. 1986-இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் தனி இசைத்தொகுப்பிலிருந்து பகுதிகள் எடுத்தாளப்பட்டன. அத்தொகுப்பு தியாகராசருக்கும் செருமானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. கடன்பட்டு வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணை அதில் யாரும் எண்ணியிருக்க இயலாது. எனினும் படத்தைக் கண்டபின் அவ்விசையைத் தனியே கேட்பார்க்குச் செங்கல்லும் முடிவுறாச் சுவரும் சொக்கலிங்க பாகவதர் முகமும் தோன்றாமற் போவதில்லை. ஆதலின், இயற்றுதலோடு இடமறிந்து வைத்தலும் ஒரு புலமையே என ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. எம் முதற் கருத்தை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறோம்.

மீண்டும் மீண்டும் வருதலும் நினைவுக்குத் துணைசெய்யும். 'மௌன ராகம்' (1986) படத்தின் இசைத்துணுக்கு ஒன்று, சொல் எதுவும் இன்றியே, கைப்பேசி அழைப்பொலியாகப் பல்லாயிரவர் கையில் உலவியது. இது யாவரும் அறிந்ததாகலின் விரிக்கவில்லை.

இத்துறையில் ஆய்வு செய்வார்க்குள்ள பெருந்தடை சான்றுகளின் அழிவு. 'காளிதாஸ்' படத்தின் படிச்சுருள் இன்று இல்லை. அக்காலப் படங்கள் பலவற்றின் நிலையும் அதுவே. பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தமையால் ஓரளவு தப்பின. பின்னணியிசை தட்டாக வெளிவருவது அரிது. அது பேச்சோடும் பிற ஓசையோடும் கலந்து படச்சுருளில் மட்டுமே தங்கியது. சுருள் அழிந்தால் அதுவும் அழிந்தது. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் இன்றும் சிலரிடம் உள்ளன. யாம் கண்ட படிகளில் கதைச்சுருக்கம் உண்டு. நடிகர் பெயர் உண்டு. பாடல்கள் இராகப் பெயரோடு அச்சாகியுள்ளன. பின்னணியில் வாசித்த கருவியாளர் பெயர் ஒன்றேனும் காணப்படவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களில் பல்லாண்டு வாசித்து ஓய்ந்த முதியோர் சிலரைச் சென்னையில் சந்தித்து வருகிறோம். தாம் எந்தப் படத்துக்கு வாசித்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. அன்று தாள் ஒன்று முன்னால் வைக்கப்பட்டது, வாசித்தோம், தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டனர் என்கின்றனர். முன்னர்க் குறித்த மாணவி இப்போது வேறு தலைப்பில் பட்டம் பெற்றுவிட்டார்; இம்முதியோர் கூறுவனவற்றை எம்முடன் இருந்து எழுதிக்கொள்பவர் அவரே.