முள்ளந்தண்டு ஸ்கானும் பற்றுச்சீட்டும்: அமெரிக்காவில் வாழும் போர்க்காயமுற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

போரில் காயமடைந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய எம்மவர் பலர் இன்றும் முதுகுவலி, கால் விறைப்பு, பழைய சத்திரசிகிச்சையின் பின்விளைவுகளுடன் வாழ்கின்றனர். இவர்களுக்கு வைத்தியர்கள் முள்ளந்தண்டு எம்.ஆர்.ஐ ஸ்கானைப் பரிந்துரைப்பதுண்டு. ஸ்கான் முடிந்த பின்னர் வரும் பற்றுச்சீட்டில் இருப்பவை பெரும்பாலும் இலக்கங்களே. அவற்றை வாசிக்கத் தெரிந்தால், தவறான கட்டணத்தைக் கேள்வி கேட்கலாம்.

சாயம் எதற்கு?

சாதாரண முதுகுவலிக்குப் பெரும்பாலும் சாயம் ஏற்றாத ஸ்கானே போதும். கிருமித்தொற்று, கட்டி ஆகியவை சந்தேகிக்கப்படும்போது சாயம் தேவைப்படும். முன்னர் சத்திரசிகிச்சை செய்த இடத்தில் இருப்பது தழும்பா, மீண்டும் விலகிய தட்டா எனப் பிரித்தறியவும் அது உதவும். எம்.ஆர்.ஐக்கு நாளத்தினூடாக ஏற்றப்படுவது கடோலினியம் கலந்த மருந்து. சிறுநீரகப் பாதிப்பு, முன்னர் ஏற்பட்ட ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றை முன்கூட்டியே கூறவேண்டும்.

உடலில் ஷெல் துண்டு இருந்தால்

இதனை ஸ்கானுக்கு நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐயின் காந்தப்புலத்தில் சில உலோகத் துண்டுகள் அசையலாம் அல்லது சூடாகலாம். கண்ணிலோ முண்ணாணுக்கு அருகிலோ துண்டு இருந்தால் ஆபத்து அதிகம். முதலில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, தேவையானால் சி.ரி ஸ்கானுக்கு மாற்றுவார்கள். உடலில் தங்கிய உலோகத் துண்டுக்கு ஐ.சி.டி-10 நோய்க்குறியீட்டில் தனி இலக்கம் உண்டு: வகை தெரியாவிட்டால் இசெட் 18.10, காந்தத்தன்மை உள்ளதற்கு இசெட் 18.11, அற்றதற்கு இசெட் 18.12. அது உங்கள் கோவையில் பதிவாகியுள்ளதா எனக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐக்கான சி.பி.ரி இலக்கங்கள்

- கழுத்து: சாயமின்றி 72141, சாயத்துடன் 72142, முதலில் சாயமின்றியும் பின்னர் சாயத்துடனும் 72156
- நெஞ்சுப்பகுதி: 72146, 72147, 72157
- இடுப்புப்பகுதி: 72148, 72149, 72158

இரண்டாம், மூன்றாம் வரிகளும் அதே ஒழுங்கில் உள்ளன. ஒரே அமர்வில் இடுப்பை இருமுறையிலும் எடுத்திருந்தால் 72158 என்ற ஓர் இலக்கமே வரவேண்டும். 72148, 72149 இரண்டும் தனித்தனியாக இருந்தால் விளக்கம் கேளுங்கள். கழுத்து, இடுப்பு என இரு பகுதிகளை எடுத்திருந்தால் இரு இலக்கங்கள் வருவது சரியே.

சாய மருந்துக்கு ஏ9579 போன்ற தனி இலக்கத்தில், அளவைப் பொறுத்துக் கட்டணம் வரலாம். நாளத்தினூடாக அதை ஏற்றும் வேலை ஸ்கான் இலக்கத்துக்குள் அடங்கும். அதற்கு மேலதிகமாக அறவிடக்கூடாது. வாயால் குடிக்கக் கொடுக்கும் மருந்து மட்டும் “சாயத்துடன்” என்ற கணக்கில் சேராது.

ஒரே ஸ்கானுக்கு இரு பற்றுச்சீட்டுகள் வருவதும் வழமை. 26 என்ற பின்னொட்டு, படத்தை வாசித்து அறிக்கை எழுதிய கதிரியக்க வைத்தியருக்கானது. ரி.சி என்பது இயந்திரத்துக்கும் ஊழியருக்குமானது.

செய்யவேண்டியவை

1. ஸ்கானுக்கு முன்னர் காப்புறுதி நிறுவனத்தின் முன்அனுமதி தேவையா எனக் கேட்டு, அனுமதி இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சாயமின்றி எடுக்க அனுமதி பெற்று, சாயத்துடன் எடுத்தால் கொடுப்பனவு மறுக்கப்படலாம்.
2. வரிவரியாகப் பிரித்த பற்றுச்சீட்டைக் கேளுங்கள். ஸ்கான் அறிக்கையில் சாயம் பற்றி எழுதியிருப்பதை அதனுடன் ஒப்பிடுங்கள்.
3. மறுப்புக் கடிதம் வந்தால், பெரும்பாலான காப்புறுதித் திட்டங்களில் 180 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். பழைய காயத்தையும் சத்திரசிகிச்சையையும் விளக்கும் வைத்தியரின் கடிதத்தை இணையுங்கள்.
4. காப்புறுதி இல்லாதவர்கள் எழுத்துமூல மதிப்பீட்டைக் கேட்கலாம். 2022 ஜனவரி முதல் இது சட்ட உரிமை. பற்றுச்சீட்டு மதிப்பீட்டை விட 400 டொலரோ அதற்கு மேலோ கூடினால், 120 நாட்களுக்குள் முறையிடலாம்.

ஆங்கிலம் சிரமமாயின் வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஊரில் எடுத்த எக்ஸ்-ரே, சத்திரசிகிச்சைக் குறிப்பு, நோய் நிர்ணய அட்டை எவையிருந்தாலும் கொண்டு செல்லுங்கள். சாயம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அவையே சான்று.