வீட்டிலும்: அமெரிக்க நூலகங்களின் சிறுவர் பணி குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கப் பொது நூலகங்களில் சிறுவர் பணி எப்படித் தோன்றியது என்ற கேள்விக்கு டீ கேரிசன் தந்த விடையைத் தாண்டி யாரும் எழுத முடியாது. 1972இல் எழுதிய கட்டுரையிலும், 1979இல் வந்த ‘அப்போசல்ஸ் ஆஃப் கல்ச்சர்’ நூலிலும் அவர் அடுக்கும் வாதம் இது: படித்த பெண்கள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்ததால் நூலகத் துறை அவர்களால் நிரம்பியது. பிள்ளைகளைப் பேணுவது பெண்ணின் இயல்பு என்ற அக்கால நம்பிக்கை சிறுவர் அறையாக உருவெடுத்தது. அந்த அறையோ நடுத்தர வர்க்கத்து நல்லொழுக்கத்தை எளியோர் பிள்ளைகளுக்குப் புகட்டும் இடமாயிற்று. நூலகப் பணிகளில் பெண்களே முழுமையாக உருவாக்கியது இது ஒன்றுதான் என்பதைக் கேரிசன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதே மூச்சில் அதைப் பெண்மை பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புனைவின் வெளிப்பாடு என்று சுருக்கியும் விடுகிறார்.

சம்பளம் பற்றி அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. புகட்டல் நடந்ததையும் மறுக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் புத்தகம் என்ற கண்டிப்பு அன்றைய சிறுவர் அறைகளில் இருக்கத்தான் செய்தது. ஆனால் கேரிசனின் பார்வை கொடுத்தவர்மீதே நிலைத்துவிடுகிறது. வாங்கியவர் யார், வாங்கியதை எங்கே கொண்டுபோனார் என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

நான் நின்று பார்க்க விரும்புவது ஒரு பதிவேட்டை. 1906இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிக்குப் பொறுப்பேற்ற ஆன் கரோல் மூர், தன் பெயரை எழுதத் தெரிந்த பிள்ளை எவரும் உறுப்பினராகலாம் என்றார். சேர வரும் பிள்ளை ஒரு பெரிய கறுப்புப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். நூலகத்திலும் வீட்டிலும் புத்தகங்களைப் பத்திரமாகக் கையாள்வதாகவும், விதிகளுக்குக் கட்டுப்படுவதாகவும் அது வாக்களித்தது. கேரிசன் வழியில் வாசித்தால் இது ஒழுக்கப் பயிற்சி. ‘விதி’ என்ற சொல்லே போதிய சான்று. என் கண்ணில் படுவது ‘வீட்டிலும்’ என்ற சொல். தமிழ் இலக்கணப்படி வெறும் எண்ணும்மை. ஆனால் அந்த உம்மைக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது.

முந்தைய நிலையை நினைத்தால் இதன் எடை புரியும். பன்னிரண்டு, பதினான்கு வயது ஆகாதவர்களைப் பல நூலகங்கள் உள்ளேயே விடவில்லை. 1894இல் லேக் பிளாசிட் மாநாட்டில், வயது வரம்பை ஒழிக்கும்படி மில்வாக்கியின் லூட்டி ஸ்டெர்ன்ஸ் வற்புறுத்த வேண்டியிருந்தது. பத்தாண்டு சற்றுக் கடந்ததும், கீழை நியூயார்க்கின் நெரிசலான அடுக்குக் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுத்து, ‘கொண்டுபோ’ என்கிறார்கள். இத்திஷும் இத்தாலியமும் பேசும் வீடுகள் அவை. அங்கே புத்தகம் என்ன ஆகிறது என்று எந்த நூலகரும் மாடியேறிப் போய்ப் பார்க்கப் போவதில்லை. நிறைவேற்றிப் பார்க்க முடியாத ஒரு விதியைக் கட்டுப்பாடு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நம்பிக்கை. வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த முதல் ஆள் அந்தப் பிள்ளையாக இருந்த இடங்களில், அதன் கையெழுத்து வீட்டார் எல்லோருக்குமான கையெழுத்தாகிறது. அந்தப் புத்தகத்தை யார் யாருக்கு வாசித்துக் காட்டினார்கள் என்பதை எந்த ஏடும் எண்ணவில்லை. எண்ணப்படாததால் அது நடக்கவில்லை என்று கொள்வது, எஞ்சிய ஏடுகளை மட்டுமே வரலாறு என்று நம்புவதாகும்.

சான்று கூடுதலாக இருக்கும் இடங்களுக்கு வருவோம். மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் 1905இல் மேரி டிட்கம் அனுப்பிய குதிரை வண்டி நூலகத்தைக் கேரிசனின் சட்டகத்தில் எளிதாகப் பொருத்த முடியாது. வண்டியை ஓட்டியவர் நூலகத்தின் பராமரிப்புப் பணியாளர் ஜோஷுவா தாமஸ். பண்ணைவீட்டு வாசலில் நின்று, அந்த வீட்டாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று பேசிப் புரிந்துகொண்டவரும் அவர்தான். இருண்ட நிற வண்டியைப் பிண வண்டி என்று நினைத்த ஒரு குடியானவர், இங்கே நிறுத்தாதே என்று விரட்டினாராம். உடனே சக்கரங்களுக்கும் கதவுகளுக்கும் சிவப்பு பூசப்பட்டது. வேடிக்கைத் துணுக்காகவே இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு இது தலையாய ஆதாரம்: வாங்குபவர் முகம் சுளித்தார், கொடுப்பவர் தன்னை மாற்றிக்கொண்டார். 1910இல் ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கியது; 1912இல் மோட்டார் வண்டி வந்தது. 1931 அக்டோபர் 21இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை தொடங்கிய மாட்டுவண்டி நூலகம் இங்கே தமிழ் வாசகருக்கு நினைவு வரும். இரண்டுக்கும் நேர்க்கோடு இழுக்க நான் முயலவில்லை; வாசல்வரை போக வேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

பூரா பெல்ப்ரே இன்னும் வலுவான சான்று. போர்ட்டோ ரீக்கோவில் பிறந்த அவர் 1921இல் ஹார்லெமின் 135ஆம் தெருக் கிளையில் பணியில் சேர்ந்தார். கதை நேரத்தில் அச்சான நூலில் உள்ள கதையைத்தான் சொல்ல வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. பாட்டியிடம் கேட்ட கதைகளோ அச்சில் இல்லை. அவற்றைச் சொல்லத் தனியாக இசைவு பெற்றார். அவற்றில் ஒன்று 1932இல் ‘பெரெஸ் இ மார்த்தினா’ என்ற நூலாயிற்று. 115ஆம் தெருக் கிளையில் ஸ்பானிய மொழியிலும் கதை சொன்னார். சனவரி 6இல் வரும் மூன்று அரசர் திருநாளை நூலகத்துக்குள் கொண்டுவந்தார். ‘வீட்டிலும்’ என்று வெளியே போன புத்தகத்தின் எதிர்த்திசையில் வீடு நூலகத்துக்குள் வந்தது. பெல்ப்ரேயும் பெண்தான், அவரும் தாய்மைப் புனைவுக்குள் அடங்குவார் என்று கேரிசன் தரப்பில் வாதிடலாம். ஆனால் அவர் எடுத்து வந்தது பாட்டியின் கதை. நடுத்தர வர்க்கத்தின் நல்லொழுக்கப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

தொடக்க ஆண்டில்தான் முடிச்சு அவிழவில்லை. சிறுவருக்கெனத் தனி வாசிப்பறை என்று பார்த்தால், மாசசூசெட்ஸின் புருக்லைன் நூலகம் 1890இல் நிலவறையில் அமைத்தது முந்தியது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தனிப் பிரிவு என்று பார்த்தால் மினியாபொலிஸைச் சொல்ல வேண்டும். அதற்கு 1892 என்றும் 1893 என்றும் இரு கணக்குகள் உள்ளன. புதுக் கட்டடத்தில் திட்டமிட்டே கட்டப்பட்ட அறை 1896இல் புருக்ளினின் பிராட் நிறுவனத்தில் வந்தது. அறையை வைத்து எண்ணுபவர்கள் புருக்லைனைச் சொல்வார்கள். புத்தகம் வாசற்படி தாண்டிய நாளை வைத்து எண்ணினால் மினியாபொலிஸ்தான். நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன், ஆண்டை உறுதிசெய்ய முடியாத நிலையிலும்.