தொலைக்காட்சிக்கான ஒலிபெருக்கிகள்

தொலைக்காட்சியின் அருகே வைக்கும் ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பதில் நெடுங்காலம் முதல் கேள்வியாக இருந்தது ஒலித்தரம் அல்ல, காந்தம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-ல் விளக்கிய அசையும் சுருள் ஒலிபெருக்கியின் அமைப்பே இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. காந்தப் புலத்தில் நிற்கும் கம்பிச்சுருள் மின்னோட்டத்திற்கேற்ப அசைந்து காகிதக் கூம்பை அதிரச் செய்கிறது.

வண்ணப் படக்குழாய்க்கு இந்தக் காந்தம் பகையானது. குழாயின் எலக்ட்ரான் கற்றைகள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைத் துல்லியமாகத் தாக்க வேண்டும். அருகில் வலுவான காந்தம் இருந்தால் கற்றைகள் விலகி, திரையின் ஓரத்தில் பச்சையும் ஊதாவுமாகக் கறை படரும். திரைக்குப் பின்னுள்ள துளைத்தகடு காந்தமேறிவிட்டால் ஒலிபெருக்கியை அகற்றிய பின்னும் கறை நீடிக்கும். பெட்டியை இயக்கும்போது செயல்படும் உட்சுருள் சிறு கறையை நீக்கிவிடும். பெருங்கறைக்குப் பழுதுபார்ப்பவர் தனிச்சுருளுடன் வரவேண்டும்.

ஒற்றை ஒலி இருந்தவரை இது பெரிய சிக்கலாகவில்லை. பெட்டிக்குள் இருந்த சிறிய ஒலிபெருக்கியே போதுமானதாகக் கருதப்பட்டது. ஜப்பானில் 1978-லும் மேற்கு ஜெர்மனியில் 1981-லும் இரட்டை ஒலி ஒளிபரப்பு தொடங்கியது. அமெரிக்கா 1984-ல் தனக்கான முறையை ஏற்றது. இரட்டை ஒலிக்குத் திரையின் இருபுறமும் ஒலிபெருக்கிகள் தேவை. காந்தம் கெடுக்கும் இடமும் அதுவே. 1987-ல் வந்த டால்பி புரோ லாஜிக், வசனத்திற்கென நடு ஒலிபெருக்கி ஒன்றைச் சேர்த்தது. அதைப் படக்குழாயின் தலைமேலேயே வைக்க வேண்டியிருந்தது.

தீர்வு எளியது. முதன்மைக் காந்தத்தின் பின்புறம் எதிர்த்திசையில் இன்னொரு காந்தத்தை ஒட்டி, இரும்புக் கிண்ணத்தால் மூடினர். வாங்குவோர் 'காந்தக் காப்பு உள்ளது' என்ற குறிப்பைத் தேடினர். அதற்குக் கூடுதல் விலையும் கொடுத்தனர்.

தட்டைத் திரையில் எலக்ட்ரான் கற்றை இல்லாததால் காப்பு தேவையற்றதாகியது. ஆனால் பெட்டியின் ஆழமும் போயிற்று. மெல்லிய சட்டத்துக்குள் அடங்கிய சிறு ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ ஒலிக்கின்றன. மெய்யெழுத்துகளைத் தெளிவாக்கும் உயர் அதிர்வெண்கள் சுவரில் பட்டே பார்ப்பவரை அடைகின்றன. படம் கூர்மையான காலத்தில் வசனம் மங்கியது. இந்தக் குறையே ஒலிப்பட்டையின் சந்தையை வளர்த்தது. 2009-ல் எச்டிஎம்ஐ 1.4 தரத்தில் வந்த ஏஆர்சி வசதி, ஒரே கம்பியில் தொலைக்காட்சியின் ஒலியை வெளிக் கருவிக்கு அனுப்ப வழிசெய்தது.

இன்றைய விளம்பரங்களில் காந்தக் காப்பின் இடத்தை வாட் எண் பிடித்துள்ளது. இது அவ்வளவு பயனுள்ள அளவுகோல் அல்ல. அதே ஒலிபெருக்கிக்கு வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். வசனம் புரிய, கேட்பவரை நேராக நோக்கும் நடு ஒலிபெருக்கியே கூடுதலாக உதவும். காந்தக் காப்புள்ள பழைய ஒலிபெருக்கிகளைத் தட்டைத் திரையுடனும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.