ஆறாம் நிலையம்

வான்கல் வீழ்ந்த பின்னரே மனிதன் அதனைத் தேடிச் செல்வது நெடுங்கால வழக்கம். அது வருமுன்பே அறிந்து, வீழ்ந்தபின் அதன் துண்டுகளையும் கண்டெடுத்த முதல் நிகழ்ச்சி சூடான் நாட்டிற்கு உரியது.

2008 அக்டோபர் 6ஆம் நாள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், லெமன் மலைத் தொலைநோக்கியில் ரிச்சர்டு கோவால்ஸ்கி ஒரு சிறு கோளைக் கண்டார். அதன் குறுக்களவு ஏறத்தாழ 4 மீட்டரே. ஒரு நாள் கழியுமுன் அது நூபியப் பாலைவனத்தின் மேல் பாயும் என்று கணித்தனர் அறிஞர்கள். கணக்குப் பொய்க்கவில்லை. மறுநாள் சூடானில் சுபுஹுத் தொழுகை வேளையில், 37 கிலோமீட்டர் உயரத்தில் அது பேரொளியுடன் வெடித்துச் சிதறியது.

எஞ்சியது ஏதேனும் உண்டா? கார்ட்டூம் பல்கலைக்கழகப் பேராசிரியர் முஆவியா ஷத்தாதும், வானியலறிஞர் பீட்டர் ஜெனிஸ்கென்ஸும் தேடப் புறப்பட்டனர். தீப்பந்தைக் கண்ணால் கண்டோரை முதலில் விசாரித்தனர். பின்னர் மாணவர் கூட்டம் வரிசையாக நின்று மணற்பரப்பை அடியடியாக நடந்து தேடியது. டிசம்பரில் முதற்கல் கிடைத்தது. நாளடைவில் சேர்ந்தவை ஏறக்குறைய 600 துண்டுகள். மொத்த எடை பத்துக் கிலோவுக்குச் சற்று மேல்.

விண்ணில் பதிவு செய்த ஒளியையும் கையில் கிடைத்த கல்லையும் ஒப்பிட்டு, இன்ன வகைச் சிறுகோளின் பொருள் இன்னதென்று உறுதி செய்ய அன்றுதான் வழி பிறந்தது.

அக்கற்களுக்கு இட்ட பெயர் ‘அல்மஹத்தா சித்தா’. ஆறாம் நிலையம் என்பது அந்த அரபுச் சொற்களின் பொருள். பாலைவன இருப்புப்பாதையின் ஒரு சிறு நிலையம் அது. தொலைநோக்கி வழி காட்டியது. கல்லைக் கண்டெடுத்தவை மணலில் நடந்த கால்கள். அறிவுலகம் இரண்டிற்கும் கடன்பட்டிருக்கிறது.