இடமா, விசாலமா: சென்னைக் குடித்தனங்களின் நூறாண்டு

சென்னையில் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் விழுந்தது 18ஆம் நூற்றாண்டில். ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர்கள், கையில் காசு சேர்ந்ததும் மவுண்ட் ரோடு ஓரத்திலும் நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றங்கரையிலும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். பகலில் கோட்டையில் கணக்கு வழக்கு, மாலையில் குதிரை வண்டியில் வீடு. வண்டி வைத்திருந்தவருக்கு விசாலமும் கிடைத்தது, தொழிலும் கெடவில்லை. நடந்தே வேலைக்குப் போன குமாஸ்தாவுக்கு அந்த வசதி இல்லை. கறுப்பர் நகரம் என்று வழங்கி 1906இல் ஜார்ஜ் டவுன் ஆன பகுதியிலோ, திருவல்லிக்கேணியிலோ, மயிலாப்பூரிலோதான் அவர் குடியிருந்தாக வேண்டும். 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் அவருடைய எல்லையைக் கொஞ்சம் அகலமாக்கியது, அவ்வளவுதான்.

இந்தப் பேட்டைகளில் பிறந்த ஏற்பாடுதான் ஒண்டுக் குடித்தனம். ஒரே தலைவாசல், நீண்ட ரேழி, நடுவில் முற்றம். அதைச் சுற்றி ஒரு அறையும் ஒரு சமையல் மூலையுமாகப் பல போர்ஷன்கள். கொல்லைப்புறத்துக் கிணறும் குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொது என்பதால், விடியற்காலையில் முறை வைத்துத்தான் குளிக்க வேண்டும். இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பது என்பதைக்கூடப் பல வீடுகளில் வீட்டுக்காரரே தீர்மானித்தார். குழந்தைகள் பிறந்தால் போர்ஷன் பெரிதாவதில்லை. குடும்பம்தான் வெளியே வழிந்தது. ஆண்பிள்ளைகள் திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் பிரசவத்துக்கு வந்துவிட்டால் அப்பாவுக்கும் ரேழிதான். இத்தனையையும் பொறுத்துக்கொள்ள வைத்தவை ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில், காய்கறிக் கடை ஆகியவை. எல்லாமே நடக்கிற தூரத்தில் இருந்தன. இந்தக் கணக்கும் எல்லோருக்கும் பொதுவானதல்ல. பணம் இருந்தும் சாதி பார்த்து வீடு மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழவில்லை.

நகரத்தின் முதல் பெரிய மாற்று 1920களில் ஒரு ஏரியின் மீது எழுந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாம்பலத்து நெடிய ஏரியை வற்றவைத்து மனை பிரித்தார்கள். 1925இல் காலமான கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியின் பெயர் அந்த நகருக்கு வந்தது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, சௌந்தரபாண்டியனார் நினைவாகப் பெயர்பெற்ற பாண்டி பஜார் என்று அந்தக் கட்சியின் வரலாற்றைத் தெருப்பலகைகளிலேயே படித்துவிடலாம். மயிலாப்பூரில் போர்ஷனில் இருந்தவருக்கு இங்கே தனி வீடு, சுற்றுச்சுவர், கிணறு, நாலு தென்னை. ஆனால் அன்றைய கண்ணுக்கு அது ஊருக்கு வெளியே. கோயிலும் குளமும் பழக்கமான முகங்களும் இல்லாத இடத்துக்குப் போக வீட்டுப் பெரியவர்கள் தயங்கியது இயல்புதான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்தில் மனையும் சிறிது, விலையும் குறைவு; கொசுவும் யானைக்கால் நோயும் அந்தக் குறைந்த விலைக்குள் அடக்கம்.

தூரத்தின் பொருளை உண்மையில் மாற்றியது 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில். அந்த வழித்தடம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அதுவரை எத்தனை மைல் என்று பேசியவர்கள், பிறகு எத்தனை நிமிஷம், சீசன் டிக்கெட் எவ்வளவு என்று பேசினார்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் மனை ஒரு விலை, தள்ளியிருப்பது வேறொரு விலை என்ற வழக்கம் மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை என்று தெற்கே நீண்டது. குடும்பங்களுக்கு இருந்த அதே சிக்கல் ஒரு கல்லூரிக்கும் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் எதிரே நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ரயில் ஓடாதிருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பீதியில் பாதி ஊர் காலியாயிற்று. வீடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பீதி அடங்கியதும் போனவர்கள் திரும்பினார்கள், புதியவர்களும் சேர்ந்து வந்தார்கள். 1941இல் சுமார் 7.77 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 14.16 லட்சம் ஆனது. இதில் நகர எல்லை விரிந்ததன் பங்கும் உண்டு. வாடகை ஏறவே, 1949லும் 1960லும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அவற்றின் பலன் விசித்திரமானது. பழைய வாடகையில் இருந்தவர், பிள்ளைகள் வளர்ந்து வீடு போதாமற்போனாலும் நகரவில்லை. காலி செய்தால் அந்த வாடகைக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்? வீட்டுக்காரரும் வருகிற வாடகைக்கு வெள்ளையடித்தால் போதும் என்று விட்டுவிட்டார். திருவல்லிக்கேணியின் பல பழைய வீடுகள் ஆளிருந்தும் பாழானதில் இந்தச் சட்டங்களுக்குப் பங்கு உண்டு.

1961இல் உருவான வீட்டு வசதி வாரியம் அளவையே வரிசைப்படுத்தியது. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று வருமானத்துக்கு ஏற்ப வீடும் மனையும் வந்தன. குலுக்கலில் எது விழுகிறதோ அதுதான் இடம். 1968இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வளர்ந்த அண்ணா நகர், அகலமான சாலைகளோடு, அந்த முறையின் நல்ல உதாரணம். கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களின் கதை வேறு. 2000க்குப் பிறகு கண்ணகி நகருக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தக் குடும்பங்கள் சிறிய வீட்டையும் தொலைவையும் சேர்த்தே பெற்றன. வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்களுக்கு இழந்த இடம் என்பது இழந்த வேலை.

1980களில் அடுக்குமாடிகள் பெருகியபோது, ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, வாங்க முடியாதவரும் தி. நகரிலோ மயிலாப்பூரிலோ ஒரு ஃபிளாட் வாங்க முடிந்தது. தனி வீட்டுக்காரர் மனையை பில்டரிடம் கொடுத்து, தனக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. மண்ணில் மிஞ்சியது யு.டி.எஸ். என்று பத்திரத்தில் எழுதப்படும் பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. தாத்தா ஊருக்கு வெளியே என்று தயங்கி வாங்கிய மனை, பேரன் காலத்தில் ஊரின் நடுவே வந்துவிட்டது. தாத்தா அனுபவித்த விசாலம்தான் பேரனுக்கு இல்லை.

விசாலம் தேடியவர்கள் மேலும் வெளியே போனார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் என்று ஏரிகளும் வயல்களும் மனைகளாயின. கார்ப்பரேஷன் தண்ணீர் எட்டாத அந்த இடங்களில் கிணறோ போரோ கைகொடுத்தது. நிலத்தடி நீர் இறங்கியதும் லாரித் தண்ணீர் வந்தது. ஒரு மனை ஏன் மலிவு என்ற கேள்விக்கு விடையை 2015 டிசம்பர் வெள்ளம் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து காட்டியது.

2000இல் டைடல் பார்க் ஐ.டி. வளாகம் திறந்த பிறகு வேலையே தெற்கே நகர்ந்தது. எது தொலைவு என்பது ஆபீஸைப் பொறுத்தது என்றாகி, கணவன் பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரிலும் மனைவி அம்பத்தூரிலும் வேலை பார்க்கும் வீட்டில் எந்த இடமும் ஒருவருக்கு எட்டாத இடமே. மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் பொதுவான தளப்பரப்புக் குறியீட்டை 2019இன் கட்டட விதிகள் 2 ஆக உயர்த்தியதால், பழைய பேட்டைகளில் மூன்று மாடிக் கட்டடங்களும் இடிபட்டு உயரமாகின்றன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்து, கூடுவாஞ்சேரிப் பக்கத்து மனை விளம்பரங்களுக்குப் புதிய வரி ஒன்று கிடைத்தது. அங்கே மூன்று படுக்கையறை வீட்டைக் கடன் வாங்கிக் கட்டியவர்களில் சிலர், பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அதை வாடகைக்கு விட்டுவிட்டு, மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ இரண்டு அறை ஃபிளாட்டில் குடியிருக்கிறார்கள். அங்கே வரும் வாடகை இங்கே கொடுக்கும் வாடகைக்குப் போதுவதில்லை.