கலப்புக்குத் தடை, கலப்பே நடைமுறை: சிறுதொழிலின் கணக்கு முறை

கணக்கு எழுதும் முறையைத் தேர்ந்துகொள்வது தொழில் நடத்துபவரின் உரிமை என்றே 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வைத்தது. அதன் 145-ஆம் பிரிவு தந்த வழிகள் இரண்டு. பணம் வரும்போதும் போகும்போதும் மட்டும் பதிவது ரொக்க முறை. பில் போட்டதுமே வரவாகவும் பொறுப்பு ஏற்பட்டதுமே செலவாகவும் பதிவது மெர்க்கன்டைல் முறை. எதை எடுத்தாலும் தொடர்ந்து அதையே கைக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்து எழுதும் வழக்கத்தை 1995 நிதிச் சட்டம், 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நிறுத்தியது. கம்பெனிகளுக்கு 2013 கம்பெனிச் சட்டம் மெர்க்கன்டைல் முறையைக் கட்டாயமாக்கியிருப்பதால், கேள்வி தனி உரிமையாளர்களுக்கும் கூட்டாண்மைகளுக்குமே உரியது. அவர்களிடமும் இந்த உரிமை பாதிதான் மிஞ்சியிருக்கிறது என்பது என் வாதம்.

திருப்பூரில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்யும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்ச் 10-இல் 2,00,000 ரூபாய்க்கு பில். அதன்மேல் 5% ஜிஎஸ்டி 10,000. நூலுக்கும் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் 1,40,000 ரூபாய் அந்த மாதமே போய்விட்டது. பார்ட்டி பணம் தருவது ஜூலையில். மெர்க்கன்டைல் முறையில் 60,000 ரூபாய் லாபம் மார்ச்சோடு முடியும் ஆண்டிலேயே வரிக்கு வரும். ரொக்க முறையிலோ அந்த ஆண்டில் செலவு மட்டுமே ஏறும். வரவு அடுத்த ஆண்டுக்குப் போகும்.

ஆடிட்டரிடம் பலரும் ரொக்க முறையைக் கேட்பது இதற்காகத்தான். ஆனால் அடுத்த மார்ச்சிலும் இதே அளவு பாக்கி நின்றால், தள்ளிப்போட்ட ஆதாயம் முதல் ஆண்டோடு சரி. வியாபாரம் வளரும்வரை அது கொஞ்சம் நீளும். ஆர்டர் குறைந்த ஆண்டில் பழைய பாக்கிகள் வசூலாகி, அவற்றுக்கான வரி அப்போதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஜிஎஸ்டியோ இந்தத் தேர்வைக் கண்டுகொள்வதே இல்லை. உரிய காலத்தில் போட்ட பில்லின் தேதி, பணம் வந்த தேதி இரண்டில் எது முந்தியதோ அதுவே சேவைக்கு வரி விழும் நாள். ஜூலையில் வரப்போகும் பணத்துக்கான ஜிஎஸ்டியை, உள்ளீட்டு வரி கழித்து, ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும். 'வராத பணத்துக்கு வருமான வரி எதற்கு' என்ற வாதத்திலும் முன்பிருந்த வலு இல்லை. வாராக் கடனைக் கணக்கில் தள்ளி எழுதியிருந்தாலே போதும், வராது என்று நிரூபிக்கத் தேவையில்லை என டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மெர்க்கன்டைல் முறையும் தூய்மையாக இல்லை. வரிகளையும் பி.எஃப். பங்கையும் கட்டினால்தான் செலவு என்று 43பி பிரிவு 1983 நிதிச் சட்டத்தின் வழியே வந்தது. 2023 நிதிச் சட்டம் அதில் குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியையும் சேர்த்தது. நம் யூனிட் தன் வேலையில் ஒரு பகுதியை உத்யம் பதிவுள்ள பக்கத்து யூனிட்டுக்குக் கொடுத்தால், ஒப்பந்தம் இல்லாவிடில் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். கெடு தாண்டினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவு. வியாபாரிக்கு மறுத்த கலப்பைச் சட்டம் தானே செய்துகொண்டிருக்கிறது. சிறியவர்களைக் காக்கும் நோக்கம் நியாயமானது என்றாலும்.

கைமேல் காசு வாங்கும் டீக்கடைக்கு எந்த முறையானாலும் பெரிய வித்தியாசம் வராது. கடனுக்கு வேலை செய்யும் யூனிட்டுக்கு மெர்க்கன்டைல் முறையே பொருந்தும். கேஷ் கிரெடிட் தரும் வங்கி மாதாமாதம் கேட்பது சரக்கு, வசூலாக வேண்டிய பாக்கி ஆகியவற்றின் பட்டியலை. ரொக்கக் கணக்கில் அந்தப் பாக்கிக்கு இடமே இல்லை. அதனால் ரொக்க முறைக்காரர்கள் பார்ட்டி பாக்கிக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறார்கள். நூல் கடைக்குத் தர வேண்டியது பெரும்பாலும் அந்த நோட்டில் ஏறுவதில்லை.